முதல் கைக்குத்தான் சூடு

அவருடைய வலது கையின் மூன்று விரல் நுனிகள் எப்போதும் சற்றுச் சிவந்திருக்கும். கல்முனைக்குடியில் ஒரே அறையில், எதிரெதிர் மேசைகளில், அவரோடு நான்கு வருடமும் இரண்டு மாதமும் வேலை செய்தேன். அந்தச் சிவப்பின் காரணம் எனக்குத் தெரியவந்தது அவர் வந்த இரண்டாவது வாரத்தில், ஒரு கலியாண வீட்டில்.

எங்கள் ஊர்களில் விருந்துச் சோறு ஆளுக்கொரு சாப்பாட்டுக் கோப்பையில் வருவதில்லை. சஹன் என்கிற அகன்ற தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கோழியை வைத்து, விரித்த பாயில் கொண்டுவந்து வைப்பார்கள். ஐந்து பேர் சுற்றியிருந்து அந்த ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். அன்று மணி ஒன்றே முக்கால். எல்லோருக்கும் பசி. ஆனால் ஒருவரும் கை வைக்கவில்லை.

"வைங்க மாமி."

"நீங்க வைங்க புள்ள, நீங்கதானே மாப்புள வீட்டாக்கள்."

"மூத்த ஆக்கள் இரிக்கக்குள்ள நாங்க வைக்கிறயா?"

இதை மரியாதை என்று சொல்லிக்கொள்கிறோம். சோற்றிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்ததை யாரும் சொல்வதில்லை. அவர் பிஸ்மில்லாஹ் சொன்னார். குவியலின் நடுவில் மூன்று விரல்களையும் இறக்கி, ஒரு குழி பறித்து, ஆவியை வெளியே விட்டார். தனக்கென்று ஒரு சிறு கவளம் எடுத்துக்கொண்டு கோழித் துண்டுகளை மற்றவர்கள் பக்கம் தள்ளினார். அதன் பிறகுதான் நாங்கள் நான்கு பேரும் கை வைத்தோம். கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எழும்பவில்லை.

திரும்பும் வழியில் கேட்டேன். "கை சுடல்லயா ராத்தா?" ராத்தா என்றால் எங்கள் வழக்கில் அக்கா. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர்.

"சுடாமலா? முதல் கைக்குத்தான் சூடு. ஆறின சோத்துல கை வைக்க ஊரே வரும்."

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "என்ட பேரு என்னத்துக்கு, வேலைய எழுதுகா" என்பார்.

கூட்டங்களில் முன்வரிசைக் கதிரைகள் வெறுமையாக இருக்கும். பின்னால் ஆட்கள் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். அவர் போய் முன்வரிசையின் நடுவில் உட்காருவார். ஐந்து நிமிடத்தில் அந்த வரிசை நிறைந்துவிடும். ஒரு மார்கழியில் கிட்டங்கிப் பாதைக்கு மேலால் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. இரு கரையிலும் சனம் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொறிக்கல்முனைக்குப் போக வேண்டிய நாங்களும் நின்றோம். அவர் சிறிது நேரம் பார்த்தார். பிறகு அபாயாவை முழங்கால் வரை தூக்கிப் பிடித்து, குடையைத் தடியாக்கி, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் குத்திப் பார்த்துப் பார்த்து நடந்தார். பாதி வழியில் நின்று திரும்பிக் கத்தினார்: "இடப்பக்கம் வாங்க! வலப்பக்கம் பள்ளம்!" நான் எண்ணினேன், அவருக்குப் பின்னால் பதினேழு பேர் கடந்தோம்.

இதை நான் கவனமாகக் குறித்து வைத்திருக்கிறேன். ஏனென்றால் அவரைத் துணிச்சல்காரி என்றுதான் ஊர் சொன்னது. அந்தக் குடையை யாரும் சொல்லவில்லை.

எங்கள் அலுவலகம் ஒரு சிறிய நிதியத்தினுடையது. கட்டாரிலும் சவூதியிலும் உழைத்துத் திரும்பியவர்கள் சிலரும் ஊர்க் கடைக்காரர் சிலரும் சேர்ந்து போட்ட முதல். தானமல்ல. வங்கி எட்டிப் பார்க்காத சிறு தொழில்களில் பங்காகப் போட வேண்டும். ஊருக்கு நன்மை வர வேண்டும். முதல் மெதுவாகத் திரும்பினால் போதும். இந்த முதல் முன்னால் போனால் அதைப் பார்த்து வங்கியின் பெரிய முதல் பின்னால் வரும் என்பது எண்ணம். எண்ணம் நல்லது. ஆனால் அவர் வேலைக்கு வருமுன் இரண்டு வருடம் அந்தப் பணம் கணக்கில் அப்படியே கிடந்தது.

தலைவர் ஹாஜியார், இரும்புக்கடை வைத்திருந்த மிக நல்ல மனிதர். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே வசனத்தைச் சொல்வார். கூட்டக் குறிப்பு எழுதும் எனக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது. "இது அமானத் காசு, நம்பி ஒப்படைச்சது. ஒரு சதம் போனாலும் மறுமையில நான்தான் பதில் சொல்லணும்." அதோடு விண்ணப்பங்கள் கோவைக்குள், அதாவது ஃபைலுக்குள், போய்விடும்.

ராத்தா தன் முதலாவது கூட்டத்தில் கேட்டார். "போகாமக் கிடந்தா பதில் சொல்லத் தேவல்லயா ஹாஜியார்?"

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

ராத்தாவின் யோசனை, வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றிடம் நன்கொடை கேட்பது. தொழில்களில் போடுவதற்கல்ல, அதற்கு எங்களிடம் முதல் இருந்தது. அந்த முதற்பணத்தை எழுப்பி நடத்துவதற்கு. விண்ணப்பத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பதினொரு முறை திருத்தினோம். அதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, மிகவும் மரியாதையான தமிழ்ப் பிள்ளை. காலை முழுவதும் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டார்.

"உங்களிடம் ஏற்கனவே பணம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதற்கு இன்னொரு பணம் ஏன்?"

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் கோவையைப் பார்த்தேன். ராத்தா, "சாப்பிட்டுட்டுக் கதைப்பம் சேர்" என்றார்.

முன்னறையில் ஹாஜியாருக்கும் அதிகாரிக்கும் ஒரு சஹன் வைத்தோம். நாங்கள் உள்ளறையில். திரைக்கு அப்பாலிருந்து பேச்சுக் கேட்டது.

"வைங்க சேர்."

"ஐயோ, நீங்கள் பெரியவர், நீங்கள் வையுங்கள்."

"நீங்க விருந்தாளியல்லவா. வைங்க, வைங்க."

"பரவாயில்லை ஹாஜியார், நீங்கள்..."

ராத்தா கையைத் துடைத்துக்கொண்டு எழும்பித் திரையருகில் போனார்.

"சேர், நீங்க காலையில இருந்து கேட்டதுக்கு இதான் பதில். சோறு இரிக்கி. ரெண்டு பேருக்கும் பசி இரிக்கி. முதல்ல வைக்கிற கை மட்டும் இல்ல. சோறு வாங்க நாங்க உங்கள்ட்டக் காசு கேக்கல்ல. அந்தக் கைக்குக் கேட்டிரிக்கம்."

அவர் தொடர்ந்தார். "தொழில் செய்றவங்கட வீட்டுக்குப் போய் இருந்து கணக்குப் பாக்க, ஒப்பந்தம் எழுத ஒரு பங்கு. நட்டம் வந்தா முதல்ல சுடுறதுக்கு ஒரு பங்கு. அந்தச் சூடு உங்கட காசில போகட்டும். மறுகா பாருங்க, எங்கட ஹாஜியாரும் கை வைப்பார்."

அதிகாரி சிரித்துவிட்டார். ஹாஜியாரும் வெட்கத்தோடு கை வைத்தார். ஓரத்தில்தான் வைத்தார், ஆறியிருந்த இடமாகப் பார்த்து.

ஏழு மாதம் கழித்து நன்கொடை வந்தது. கேட்டதைவிடக் குறைவு, மூன்று வருடத்துக்கு மட்டும். அவருடைய சம்பளமும் அதற்குள்தான்.

அடுத்து நடந்தது எங்கள் கரைக்கே உரிய பிழை. "வெளிநாட்டுக் காசு வந்திரிக்காம்" என்ற கதை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பரவியது. திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு நான் கதவைத் திறந்தபோது வாசலில் நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள். எல்லோர் கையிலும் அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகரின் கடிதம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை கற்றுக்கொண்டது அது: வெளிநாட்டுக் காசென்றால் நிவாரணம், நிவாரணமென்றால் பட்டியல். அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய் அத்தகைய பட்டியல்களை எழுதியவர்களில் ராத்தாவும் ஒருவர்.

"திருப்பி அனுப்புவமா?" என்று கேட்டேன்.

"வெயிலுக்குள்ள வந்திரிக்காங்க. கதிரையப் போடு."

ஒவ்வொருவரிடமும் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டார். பிறகு இன்னொரு கேள்வி: "அதுல நட்டம் எவடத்தால வரும்?" பெரும்பாலானோர், "நட்டமா? அல்லாஹ் காப்பாத்துவான்" என்றார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்து, இது நிவாரணமில்லை என்று விளக்கி அனுப்பினார். பாலமுனையிலிருந்து வந்திருந்த றஹீமா மட்டும் அந்தக் கேள்விக்குக் கோபப்பட்டார்.

"எவடத்தாலயா? லொறிக்குள்ளால! பொத்துவில் றோட்டுல வாற லொறி பத்து மணிக்கு வருது. ஐஸ்ல கால்வாசி தண்ணியா ஒழுகித்தான் என்ட வாசல்ல இறங்குது. தோணி எல்லாம் விடியச் சாமம் கரைக்கு வந்திட்டு. மீன் கிடந்து கண் வெளுக்குது. மறுகா மீன் முதலாளி வந்து அவன் சொன்ன விலைக்குத் தூக்கிட்டுப் போறான். என்ட நட்டம் எனக்குக் கண்ணால தெரியும் ராத்தா, றோட்டுல ஒழுகிக் கிடக்கும்."

றஹீமா தோணிக்காரருக்கு ஐஸ் உடைத்து விற்பவர். அவரிடம் நிலம் இருந்தது, உறுதிப் பத்திரம் இல்லை. வாடிக்கை இருந்தது, கணக்குப் புத்தகம் இல்லை. பாலமுனையிலேயே ஒரு சிறிய ஐஸ் ஆலை வேண்டும் என்று மூன்று வங்கிகளில் கேட்டு மூன்றிலும் கதிரையில் உட்காரவும் சொல்லவில்லையாம்.

ராத்தா என் பக்கம் திரும்பினார். "எழுது. இவக்கு நட்டம் எவடத்தால வரும் எண்டு தெரியும்."

றஹீமாவின் கணக்கைச் சீராக்க ஐந்து மாதம் எடுத்தது. ஒரு கணக்குக் கொப்பியை வாங்கிக் கொடுத்து, புதன்கிழமை தோறும் போய் இருந்தோம். திட்டம் இப்படி: கட்டடம், தண்ணீர்த் தாங்கி, மின்சாரம் ஆகியவற்றுக்கு நிதியம் பங்கு போடும், இலாபத்திலும் பங்கு, நட்டத்திலும் பங்கு, நட்டமென்றால் எங்கள் பங்கே முதலில் போகும். பெரிய செலவான இயந்திரத்தை வங்கி வாங்கி, வட்டியில்லாமல் வாடகைக்கு விட வேண்டும். வங்கி வராவிட்டால் ஆலை இல்லை.

வங்கி முகாமையாளர் கல்முனையைச் சேர்ந்த தமிழ்ப் பெண். நாங்கள் மிஸ் என்போம். நேர்மையானவர், அவசரப்படாதவர். பாலமுனைக்கு வந்து பார்த்தார். அன்று வெள்ளிக்கிழமை, கோயில் நாள் என்று அவர் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார். றஹீமா அவருக்கென்று தனிக் கோப்பையில் சோறும் பருப்பும் வைத்தார். எங்கள் சஹனில் ராத்தா வழக்கம்போல நடுவில் கை வைத்ததை மிஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவவுக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

நான் விளக்கினேன். மிஸ் கரண்டியால் பருப்பைக் கிளறிக்கொண்டே சொன்னார், "எங்கட தொழில்ல அப்பிடிச் செய்தா இடமாற்றம்தான் வரும்." புறப்படும்போதும் அதையே வேறு விதமாகச் சொன்னார். "நீங்க போடுங்க. நாங்க பாத்திட்டு வாறம்."

அந்தப் பார்த்துவிட்டு வருதல் நீண்டுகொண்டே போனது. அதற்கிடையில் எங்களுடைய இன்னொரு முயற்சி விழுந்தது. வடக்குப் பக்கக் கரையில் இரண்டு சகோதரிகள் நெத்தலி காய வைக்க ஒரு வெயில் கொட்டில் போட்டிருந்தார்கள், எங்கள் பங்கோடு. வாடைக் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மூன்று நாள் மழையில் கருவாடு முழுவதும் பூஞ்சை. சகோதரிகள் தொலைபேசியை எடுக்கவில்லை. கடைக்கும் வரவில்லை என்று கேள்விப்பட்டோம்.

ராத்தா மழையோடு போனார், நானும் போனேன். கதவைத் திறந்த மூத்தவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அவள் வாயைத் திறக்குமுன் ராத்தா சொன்னார். "நட்டம் எங்கட. கடதாசியில அப்பிடித்தான் எழுதியிரிக்கி. நீங்க தேத்தண்ணி மட்டும் தாங்க, நனைஞ்சிட்டம்."

அவள் அழுதாள். இளையவள் சிரித்தாள். தேநீரில் சீனி அதிகம்; அதையும் குறித்திருக்கிறேன்.

அன்றிரவே ராத்தா அறக்கட்டளைக்கு அறிக்கை எழுதினார். அடுத்த நாள் அதை வாசித்த ஹாஜியார் கொதித்துப்போனார்.

"நட்டத்த ஆரும் முதலாம் பக்கத்துல போடுவாங்களா? கடைசியில, சின்ன எழுத்துல போடுங்க புள்ள!"

"இதுக்குத்தானே ஹாஜியார் அவங்கள்ட்டக் காசு கேட்டம். சுட்டதச் சொல்லாட்டி அவங்களுக்கு என்ன விளங்கும்? கூரைய எப்பிடிக் கட்டக் கூடாதெண்டு இப்ப எங்களுக்குத் தெரியும். அதையும் எழுதியிரிக்கன், பாருங்க."

"மனேஜர் மிஸ் கேள்விப்பட்டா? றஹீமாட ஐஸ் அதோட கரைஞ்சிரும்."

ஹாஜியார் சொன்னது சரி என்றுதான் எனக்குப் பட்டது. றஹீமா அப்போது அத்திவாரக் கல்லை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார். ராத்தா அறிக்கையின் ஒரு பிரதியைக் கேட்டார். எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லுமுன் தானே என்னையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போய், மிஸ்ஸின் மேசையில் வைத்தார்.

மிஸ் முதலாம் பக்கத்தை வாசித்தார். இரண்டாவது தரமும் வாசித்தார். பக்கத்துக் கதிரையில் இருந்த நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், ஒன்பது நிமிடம்.

"இத நீங்க கொண்டுவராட்டி எனக்குத் தெரிய வந்திருக்குமா?"

"வந்திரிக்கும். ஒரு மாசம் செண்டு, சந்தையில."

"என்ட இருபத்தொரு வருஷச் சேவிஸ்ல நட்டத்தைச் சொல்ல ஆக்கள் தாங்களா வந்தது இதான் முதல்தரம். எல்லாரும் இலாபத்தைக் கொண்டுதான் வாறவை." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பொம்பிளைகள்ட்ட நீங்க ஒண்டும் கேக்கேல்லயா?"

"தேத்தண்ணி கேட்டம்."

மிஸ் சிரிக்கவில்லை. ஆனால் றஹீமாவின் கோவையை எடுத்துவரச் சொன்னார். ஆறு வாரத்தில் கையெழுத்தானது. ஒரு நிபந்தனை: நிதியத்தின் பங்கு மூன்று வருடம் ஆலையில் இருக்க வேண்டும். அது வெளியேறினால் வங்கியும் இயந்திரத்தைக் கழற்றும்.

ஆலை ஓடத் தொடங்கிய காலை, தோணிகள் கரைக்கு வந்தபோது ஐஸ் அங்கே இருந்தது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் மீன் வாங்க வந்த முதலாளியின் லொறி அன்று பதினொரு மணிவரை நின்று பாதி வெறுமையாகத் திரும்பியது. தோணிக்காரர் ஒருவர் ஒரு ஐஸ் கட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட, றஹீமா, "காசத் தந்திட்டு ஆடுங்க காக்கா" என்று அந்த அண்ணனைப் பார்த்துக் கத்தியது பக்கத்து வளவுகளுக்கும் கேட்டிருக்கும்.

இருபதாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை றஹீமா பெரிய பிஸ்கட் டின் ஒன்றோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே நிதியத்தின் பங்கு முழுவதும், ஒரு சதம் குறையாமல்.

"உம்றாக்குப் போறன் ராத்தா. அடுத்த கிழம பயணம். மத்தவங்கட காச வெச்சிக்கிட்டு கஃபாவ எப்பிடிப் பாக்கிற?"

எனக்கு அது மிகவும் சரியாகவே தோன்றியது. எங்கள் ஊரில் மக்கத்துக்குப் பயணம் போகிறவர்கள் கடன் தீர்த்து, வீடு வீடாகப் போய்ப் பிழை பொறுக்கக் கேட்டுத்தான் போவார்கள். நான் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்துக் கார்பன் தாளும் வைத்துவிட்டேன். திகதியும் எழுதிவிட்டேன். ராத்தா எழும்பி வந்து தன் உள்ளங்கையைப் புத்தகத்தின் மேல் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு நிபந்தனை நினைவு வந்தது. இன்னும் பதினாறு மாதம் இருந்தது. எங்கள் பங்கு வெளியே வந்தால் இயந்திரமும் போய்விடும். ஒரு நல்ல மனுசி, நல்ல நோக்கத்தோடு, தன் ஆலையைத் தானே ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"மெஷின் நாளைக்கு வெடிச்சா எனக்கு என்ன தருவீங்க றஹீமா?"

"அல்லாஹ் காக்க. வெடிச்சா என்னத்தத் தாற? உங்கட பங்கு போயிரும்."

"நான் வந்து வாசல்ல நிண்டு கேப்பனா?"

"கேக்க ஏலாதே. கடதாசியில அப்பிடித்தானே."

"அப்ப இது கடனா?"

றஹீமா டின்னின் மூடியைத் திறந்தார், மூடினார். "நீங்க கதையில கெட்டிக்காரி ராத்தா. இது மறுமைக் கணக்கு. நான் மௌலவிட்டக் கேக்கணும்."

"கேளுங்க. நான் வரல்ல. நான் பக்கத்துல நிண்டா நான் சொல்லிக் குடுத்த மாதிரி இரிக்கும். தங்கச்சி வருவா, கடதாசியோட."

நான் போனேன். மௌலவி ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை வாசித்தார். இரண்டே இரண்டு கேள்வி கேட்டார். "நட்டம் வந்தா ஆருக்கு முதல்ல?"

"அவங்களுக்கு. மறுகா எனக்கு."

"இலாபம் வந்தா?"

"முதல்ல எனக்கு. மறுகா அவங்களுக்கு." சொல்லிவிட்டு றஹீமாவே சற்றுத் திகைத்தார். அதைத் தன் வாயால் அவர் அதற்கு முன் சொல்லிப் பார்த்ததில்லை.

மௌலவி கடதாசியை மடித்தார். "இது கடனில்ல, கூட்டு. தவணைக்கு முன்னுக்குக் கூட்ட உடைச்சா மத்தப் பங்காளிக்குத்தான் அநியாயம். பயணம் பெய்த்து வாங்க. அங்க உங்கள அனுப்பின அந்த மனுசிக்கும் துஆ கேளுங்க."

பயணத்துக்கு முதல்நாள் றஹீமா பிழை பொறுக்கக் கேட்டு வந்தார்.

"பொறுத்துக்கங்க ராத்தா. உங்களப் பத்தி மீன் சந்தையில கதைச்சிரிக்கன்."

"என்ன கதைச்ச?"

"ஐஸ் கரையிற மாதிரிக் காசக் கரைக்க வந்த விசரி எண்டு."

"அது நீ மட்டுமா சொன்ன? ஹாஜியாரும்தான் சொன்னார். பொறுத்தாச்சி, பெய்த்து வா."

ஹாஜியார் உள்ளறையில் இருமினார்.

அந்த மாதமே நன்கொடையின் கடைசி அறிக்கைக்குத் தவணை. அடுத்த மூன்று வருடத்துக்குக் கேட்கலாம் என்று கொழும்பு அதிகாரி எழுதியிருந்தார். ராத்தா கேட்டார், ஆனால் தன் பதவியின் வரியை வெட்டிவிட்டுக் கேட்டார். ஹாஜியாருக்குப் பொறுக்கவில்லை.

"உங்கட சம்பளத்த நீங்களே வெட்டுறயா? என்னத்துக்கு?"

"நீங்க போன கூட்டத்துல நாலு விண்ணப்பத்துல கையெழுத்து வெச்சீங்க. நான் ஒண்டும் கதைக்கல்ல. பாத்துக்கிட்டுத்தான் இருந்த. மறுகா நான் எதுக்கு இஞ்ச?"

கூட்டக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். அந்த நாலுக்கும் ஹாஜியார் அமானத் வசனத்தைச் சொல்லவில்லை. நட்டம் எவடத்தால வரும் என்றுதான் கேட்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை மிஸ்ஸிடமிருந்து கடிதம் வந்தது. சொறிக்கல்முனைப் பெண்கள் விதைநெல் சுத்தம் செய்யும் இயந்திரம் கேட்டு எங்களிடம் வந்திருந்தார்கள். கணக்குச் சீராக்கி மிஸ்ஸுக்கு அனுப்பியிருந்தோம், எங்கள் பங்கு எவ்வளவு என்று குறிப்பிட்டு. பதில் நாலு வரி. வங்கியே இயந்திரத்தை வாங்கி வாடகைக்கு விடும். நிதியத்தின் பங்கு தேவையில்லை. அதை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளவும்.

ராத்தா கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். கோவையில் போட என்னிடம் தந்தார். பிறகு திருப்பி வாங்கி மூன்றாவது முறையும் வாசித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, உம்றாவிலிருந்து திரும்பிய றஹீமா வீட்டில் விருந்து. வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று மிஸ்ஸுக்காகவே ஞாயிறு வைத்திருந்தார். மிஸ் பருத்திச் சேலையில் வந்தார். றஹீமா தனிக் கோப்பையை எடுக்கப் போனபோது, "வேண்டாம், நானும் இதிலயே இருக்கிறன்" என்று பாயில் சம்மணமிட்டார். ராத்தா, நான், மிஸ், றஹீமா, றஹீமாவின் மதினி என ஐந்து பேர். சஹன் வந்தது. நெய்ச்சோற்றிலிருந்து ஆவி மேலே எழுந்து மிஸ்ஸின் கண்ணாடியை மூடியது.

நாங்கள் ராத்தாவின் கையைப் பார்த்தோம். அது அவருடைய மடியில் இருந்தது.

நாலு வருடத்தில் அப்படி நான் பார்த்ததில்லை. சுகமில்லையோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் சாவகாசமாக யன்னலுக்கு வெளியே ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வைங்க ராத்தா" என்றார் றஹீமா.

"நீங்க வைங்க. ஹாஜியம்மா மாதிரி வந்திரிக்கீங்க."

"ஐயோ, நீங்க வைங்க."

"மதினி வைக்கட்டும்."

மதினி என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன். என் கையும் மடியில்தான் இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அப்போது மிஸ் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். வளையலை மேலே தள்ளினார். ஓரத்தில் அல்ல, குவியலின் நடுவில், மூன்று விரலையும் இறக்கினார்.

"ஆ!"

கையை உதறி, விரல்களை வாயில் வைத்து, மறுபடியும் இறக்கிக் குழியைப் பெரிதாக்கினார். ஆவி வெளியே போனது. பாய் முழுவதும் சிரிப்பு. மிஸ்ஸின் கண்ணில் தண்ணீர் நின்றது, அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சுடும் எண்டு நீங்க ஒருநாளும் சொல்லேல்லயே!"

"சொன்னா வெச்சிரிப்பீங்களா?"

கேட்டுவிட்டு ராத்தா, ஆறிய பக்கமாகப் பார்த்து, பெரிய கோழித்துண்டு ஒன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.